கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பவளப்பாறை

பம்பாய் மெரின் டிரைவில் 1951-இல் திறக்கப்பட்ட தாராப்பூர்வாலா மீன் காட்சிசாலையை முன்பு கண்டு களித்து, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தம் இல்லத்திலும் உப்புநீர்த் தொட்டி அமைக்க விழையும் அன்பர்கள், கற்களை மதில்போல் நெருக்கி அடுக்காமல், நீர் எங்கும் சஞ்சரிக்கவும் மீன்கள் ஒளியவும் குகைகள் விட்டு, ஒருபுறம் உயர்த்தியும் மறுபுறம் தாழ்த்தியும் அமைப்பதே இயற்கையின் சாயலைத் தரும். துளைகள் நிறைந்த கல்லே உத்தமம். மீன்கழிவில் பிறக்கும் அம்மோனியா என்னும் விஷத்தைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் அத்துளைகளிலேதான் வாசம் செய்கின்றன. மணலைத் தோண்டும் மீன்கள் அஸ்திவாரத்தைக் குலைத்துவிடுமாதலால், கல்லை முதலில் நிறுத்திப் பிறகே மணல் பரப்ப வேண்டும். சிமெண்டில் வார்த்த கல்லாயின், அதன் காரம் நீங்கப் பல வாரம் நன்னீரில் ஊறவைப்பது அவசியம். கடற்பவளத்தைப் பெயர்த்தெடுப்பதோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டி நாம் இழந்த பவளம் போதும், வார்த்த கல்லையே நாடுங்கள்.