இணைய வணிகத்தில் இலவச டெலிவரி

இணையத்தில் விற்கும் பொருளை வாங்குபவரின் இடத்துக்கு அனுப்பிவைக்கத் தனிக் கட்டணம் வாங்காமல் இருப்பது இலவச டெலிவரி எனப்படுகிறது. அஞ்சல் வழியே அனுப்பினால் இதை இலவச அஞ்சல் என்றும் சொல்வர். கட்டணம் தனியாக வாங்கப்படவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. பெட்டி, கட்டும் கூலி, வண்டி வாடகை, வீடு தேடி வருபவரின் சம்பளம் ஆகிய அனைத்தையும் யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். அவர் யார், தாம் கொடுப்பது அவருக்குத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே இம்முறை வாங்குபவருக்கு நியாயமானதா என்று சொல்ல முடியும்.

இதைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. சிவகாசியின் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகங்கள், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, சாத்தூர்ச் சேவு, சிவகாசிப் பட்டாசு என வெளியூருக்கு அனுப்பப்படும் பொருள்கள் பல இங்கே உருவாகின்றன. ஒவ்வொன்றையும் அனுப்பும் முறையும் செலவும் வேறு. இவற்றுள் பட்டாசை அஞ்சலில் அனுப்பவே முடியாது.

அனுப்பும் செலவில் அடங்குபவை

கூரியர் நிறுவனங்கள் பொதுவாகப் பொருளின் எடை, பெட்டி அடைக்கும் இடம் ஆகிய இரண்டையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் விதிக்கின்றன. சுருட்டிய மாதக் காலண்டர் எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். தினசரித் தாள் கிழிக்கும் காலண்டர் கட்டு கனமானது. பால்கோவா சில நாட்களில் கெட்டுவிடும் என்பதால் விரைவாகப் போய்ச் சேர வேண்டும். சேவு நொறுங்காமல் இருக்கக் கூடுதல் பேக்கிங் தேவை. வீடு பூட்டியிருந்து திரும்பி வரும் பார்சல்கள், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படுபவை ஆகியவற்றின் செலவும் இதில் சேரும். இவையெல்லாம் ‘இலவசம்’ என்ற சொல்லால் குறைவதில்லை. பில்லில் தனி வரியாக இருந்தது பொருளின் விலைக்குள் போய்விடுகிறது.

யார் தருகிறார்: ஒரு கணக்கு

சிவகாசியில் 300 ரூபாய்க்கு விற்கக்கூடிய ஒரு டைரியை எடுத்துக்கொள்வோம். கீழுள்ள தொகைகள் விளக்கத்துக்காக மட்டும் கொடுக்கப்பட்டவை. அதை அனுப்ப மதுரைக்கு 40 ரூபாய், சென்னைக்கு 60 ரூபாய், குவஹாத்திக்கு 110 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் சராசரி 70 ரூபாய். விற்பவர் விலையை 370 ரூபாய் ஆக்கி ‘இலவச டெலிவரி’ என்று அறிவிக்கிறார்.

தனிக் கட்டணம் இருந்திருந்தால் மதுரைக்காரர் 340 ரூபாய் கொடுத்திருப்பார். இப்போது 30 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். சென்னைக்காரருக்கு 10 ரூபாய் கூடுதல். குவஹாத்திக்காரருக்கு 40 ரூபாய் மிச்சம். விற்பவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அருகில் இருப்பவர்கள் தொலைவில் இருப்பவருக்காகச் செலவு செய்திருக்கிறார்கள்.

மொத்தமாக வாங்குபவரின் நிலை இன்னும் மோசம். மதுரையில் உள்ள ஒருவர் தம் அலுவலகத்துக்குப் 10 டைரி வாங்குகிறார். பத்தும் ஒரே பெட்டியில் போகும். அதற்குச் செலவு 150 ரூபாய் என்றால் நியாயமான தொகை 3,150 ரூபாய். இலவச டெலிவரி விலையில் அவர் கொடுப்பது 3,700 ரூபாய். ஒரு பெட்டிக்கு ஆன செலவைப் பத்துப் பெட்டிகளுக்கு ஆனதைப் போலக் கட்டிவிட்டு, கட்டணம் எதுவும் கொடுக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஒருவர் செலவை மற்றவர் பகிர்ந்துகொள்வது தன்னளவில் தவறன்று. இந்திய அஞ்சல் துறை 1854ஆம் ஆண்டிலேயே தூரத்தைப் பார்க்காமல் நாடு முழுவதும் ஒரே கடிதக் கட்டணம் என்ற முறைக்கு வந்தது. பக்கத்து ஊருக்கு எழுதுபவர் தொலைதூரத்துக்கு எழுதுபவரின் செலவில் ஒரு பங்கைத் தாங்கினார். ஆனால் அது அரசு அறிவித்த கட்டணம். அஞ்சல்தலையில் தொகை அச்சிடப்பட்டிருந்தது. தனியார் வணிகத்தின் இலவச டெலிவரியில் அந்தத் தொகை கண்ணுக்குத் தெரிவதில்லை.

குறைந்தபட்சத் தொகை

பல தளங்கள் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் மட்டுமே டெலிவரி இலவசம் என்கின்றன. ஒரு பெட்டியில் பல பொருள் போனால் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறையும் என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் வாங்குபவர் கணக்கில் தவறுவதும் இங்கேதான். ஒருவர் 420 ரூபாய்க்குப் பொருள் எடுத்திருக்கிறார். டெலிவரிக் கட்டணம் 50 ரூபாய். 500 ரூபாய்க்கு மேல் இலவசம் என்றதும் 120 ரூபாய்க்கு இன்னொரு பொருளைச் சேர்க்கிறார். 470 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 540 ரூபாய் ஆகிறது. அந்தப் பொருள் உண்மையில் தேவையானால் அவருக்கு 50 ரூபாய் மிச்சம். தேவையில்லை என்றால் 70 ரூபாய் வீண்.

விலை பூஜ்யம் என்றால் மனிதர் அதைச் சாதாரண விலைக் குறைப்பாகப் பார்க்காமல், அளவுக்கு மீறி ஈர்க்கப்படுகிறார்கள் என்பதை ஷம்பனியர், மஸார், ஏரியலி ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். குறைந்தபட்சத் தொகை முறை இந்த ஈர்ப்பைப் பயன்படுத்திக்கொள்கிறது.

பட்டாசு: தனி நிலை

பட்டாசு வெடிபொருள். ஐ.நா.வின் ஆபத்தான சரக்கு வகைப்பாட்டில் அது 1ஆம் வகுப்பில் அடங்கும். 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம் வெடிபொருளை அஞ்சலில் அனுப்பத் தடை விதித்தது. இன்றும் அஞ்சலில் பட்டாசு ஏற்கப்படுவதில்லை. ரயிலில் சட்டவிரோதமாக ஆபத்தான பொருளைக் கொண்டுசென்றால், 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், உரிமம் பெற்ற வணிகர்கள் மூலமே பட்டாசு விற்க வேண்டும் என்றும், அமேசான், ஃபிளிப்கார்ட் உள்ளிட்ட இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அதன்பின் சிவகாசியின் பெயரில் இயங்கும் பல தளங்கள் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டே ஓர் அறிவிப்பை வெளியிடுகின்றன. வாடிக்கையாளர் வேண்டிய ரகங்களைத் தேர்ந்து விசாரணையாக அனுப்ப வேண்டும், நிறுவனம் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ தொடர்புகொண்டு உறுதிசெய்யும் என்பதே அதன் சாரம்.

சரக்கு பெரும்பாலும் லாரி பார்சல் சர்வீஸ் மூலம் போகிறது. ‘டு பே’ முறையில், வாங்குபவர் தம் ஊர் லாரி அலுவலகத்துக்குச் சென்று, வாடகையைக் கட்டிப் பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே பட்டாசு விலைப்பட்டியலில் ‘இலவச டெலிவரி’ என்றிருந்தால், அது வீட்டு வாசல் வரையா, லாரி அலுவலகம் வரையா என்று முதலில் கேட்க வேண்டும். சிலர் பேக்கிங் கட்டணத்தைத் தனியாகச் சேர்ப்பதும் உண்டு.

தள்ளுபடிக்குள் மறையும் வாடகை

பட்டாசு விலைப்பட்டியலில் உயர்ந்த விலை ஒன்றைப் போட்டு, 80 சதவீதம், 90 சதவீதம் தள்ளுபடி என்று அறிவிப்பது பரவலான வழக்கம். இந்த வழக்கம் இருக்கும் இடத்தில் அனுப்பும் செலவை மறைப்பது மிக எளிது. ஒரு பெட்டி மத்தாப்புக்கு 500 ரூபாய் என்று போட்டு 80 சதவீதம் தள்ளினால் விலை 100 ரூபாய். அதே பெட்டிக்கு 1,000 ரூபாய் என்று போட்டு 88 சதவீதம் தள்ளினால் 120 ரூபாய். இரண்டாவது கடையில் தள்ளுபடியும் அதிகம், டெலிவரியும் இலவசம். ஆனாலும் பெட்டிக்கு 20 ரூபாய் கூடுதல்.

இப்படி 30 பெட்டி வாங்கினால் முதல் கடையில் 3,000 ரூபாய், இரண்டாவது கடையில் 3,600 ரூபாய். முதல் கடைச் சரக்குக்கு லாரி வாடகை 400 ரூபாய், வீட்டுக்குக் கொண்டுவர ஆட்டோ 150 ரூபாய் என்றால் மொத்தம் 3,550 ரூபாய். 50 ரூபாய்தான் வித்தியாசம். அலைச்சல் வேண்டாம் என்பவர், வீடு வரை வருமானால், இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும் என்பதே முக்கியம். இலவச டெலிவரி அறிவிப்பு பெரும்பாலும் பறிப்பது அந்த வாய்ப்பைத்தான்.

வரியும் இதில் சேர்கிறது. விற்பவரே அனுப்பிவைத்து அச்செலவையும் விலையில் சேர்க்கும்போது, பொருளுக்குரிய ஜிஎஸ்டி விகிதமே பொதுவாக அதற்கும் பொருந்தும். பட்டாசுக்கு அது 18 சதவீதம். விலைக்குள் போகும் 100 ரூபாய் வாடகை, வாங்குபவரிடம் 118 ரூபாயாக வந்து சேரும்.

பாதுகாப்புச் செலவு

பட்டாசை ஏற்றி இறக்குவதே ஆபத்தான வேலை. 2016 அக்டோபரில் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் சரக்குக் கையாளும்போது தீப்பிடித்தது. புகை அடுத்திருந்த ஸ்கேன் மையத்துக்குள் பரவி, அங்கே இருந்தவர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். அவர்கள் பட்டாசு வாங்கியவர்களும் இல்லை, விற்றவர்களும் இல்லை.

முறையான வண்டி, பழகிய தொழிலாளர், விதிப்படியான கிடங்கு ஆகியவற்றுக்கு உண்மையான செலவு உண்டு. அந்தச் செலவை வாங்கவும் முடியாது, விலையில் ஏற்றவும் முடியாது என்ற போட்டி வந்தால், வேறு சரக்கு என்று எழுதிச் சாதாரணப் பார்சலிலோ பேருந்திலோ அனுப்பும் ஆசை பிறக்கும். அப்போது இலவசத்தின் விலையை வாங்குபவர் மட்டுமல்ல, அந்தப் பேருந்தில் வரும் பயணியும் தர நேரிடும்.

சட்டம் கூறுவது

இந்தியச் சட்டம் இலவச டெலிவரியைத் தடுக்கவில்லை. விலையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். அதோடு டெலிவரி, அஞ்சல், கையாளுதல், வரி ஆகியவற்றைப் பிரித்தும் காட்ட வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் வந்த வழிகாட்டுதல்கள், பேக்கிங், கையாளுதல் போன்றவற்றுக்குத் தொகை வாங்கிக்கொண்டு ஒரு பொருளை ‘இலவசம்’ என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்கின்றன. முதலில் குறைந்த விலையைக் காட்டி, பணம் கட்டும் நேரத்தில் கட்டணங்களைச் சேர்ப்பது 2023ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட ஏமாற்று உத்திகளுள் ஒன்று.

இவ்வளவு இருந்தும், கட்டணத்தை முழுதாக விலைக்குள் வைத்துவிட்டால் பிரித்துக் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. டெலிவரி என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் என்று போட்டால் போதும்.

பிரான்சின் அனுபவம்

பிரான்சில் 1981 முதல் புத்தகங்களுக்கு நிலையான விலை உண்டு. அதிகபட்சம் 5 சதவீதம் தள்ளுபடி தரலாம். அந்தத் தள்ளுபடியோடு இலவச டெலிவரியும் தரும் பெரிய தளங்களிடம் சிறு கடைகள் தோற்பதைத் தடுக்க, புத்தகங்களை இலவசமாக அனுப்புவதை 2014இல் சட்டம் தடுத்தது. அமேசான் உடனே ஒரு சென்ட் கட்டணம் வைத்துச் சட்டத்தைக் கடந்துபோனது. எனவே 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டர்களுக்கு 3 யூரோ குறைந்தபட்சக் கட்டணம் என்ற விதி 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சிறு கடைகளுக்கு இது உதவி. பக்கத்தில் புத்தகக் கடை இல்லாத கிராமத்தாருக்குச் சுமை. இலவசத்தைத் தடுத்தாலும் செலவு யார் தலையிலாவது விழும் என்பதை இது காட்டுகிறது.

மதிப்பீடு

தொலைவில் இருப்பவர், ஒரே ஒரு பொருள் வாங்குபவர், மொத்தத் தொகையை முன்கூட்டியே அறிய விரும்புபவர் ஆகியோருக்கு இலவச டெலிவரி நன்மை தருகிறது. அருகில் இருப்பவர், மொத்தமாக வாங்குபவர், நேரில் வந்து எடுத்துக்கொள்ளக்கூடியவர் ஆகியோருக்கு அது நட்டம். டெலிவரியோடு ஒரு விலை, நேரில் எடுத்தால் ஒரு விலை, பல பொருள் ஒன்றாகப் போனால் ஒரு விலை என்று மூன்றையும் காட்டும் விற்பனையாளர் யாரையும் ஏமாற்றுவதில்லை. இலவசம் என்ற ஒரே சொல்லால் மூன்றையும் மூடுபவரிடம்தான் கேள்வி எழுகிறது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

தள்ளுபடிச் சதவீதத்தைப் பார்க்காமல், கைக்கு வந்து சேரும்போது ஒரு பொருளுக்கு ஆகும் மொத்த விலையை ஒப்பிட வேண்டும். பல பொருள் வாங்கும்போது அனுப்பும் செலவைக் கழித்து விலை தருவார்களா என்று கேட்கலாம். குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்கக் கூடாது. திருப்பி அனுப்பினால் முழுத் தொகையும் வருமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டாசு வாங்கும்போது விற்பவரின் உரிமம், முகவரி, ஜிஎஸ்டி பில் ஆகியவற்றைக் கேட்பது அவசியம். மிகக் குறைந்த விலை, இலவச டெலிவரி, முழுப் பணமும் முன்கூட்டியே என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் போலித் தளமாக இருக்கலாம். பணத்தை இழந்தவர்கள் உடனடியாக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். விலை, கட்டணம் தொடர்பான புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்.