தரகும் புது மோட்டாரும்

கொடைக்கானல் மலைப்பூண்டு விலைபோகும் வடுகபட்டிச் சந்தையில் தரகின் பயனை நாம் நேரிற் காண்கிறோம். மூட்டைக்கு மூட்டை தரம் வேறுபடுதலின், சரக்கறிந்த ஒருவர் இடைநிற்றல் நன்றே. புது மோட்டார் வண்டியோ அத்தகையதன்று. ஒரே வகை வண்டி தேனியில் வாங்கினும் மதுரையில் வாங்கினும் ஒன்றே. வேறுபடுவன தள்ளுபடியும், இன்ஷூரன்ஸ் கட்டணமும், உடன் விற்கும் துணைப்பொருள்களின் விலையுமே. இவற்றை இரண்டு மூன்று கடைகளில் தனித்தனியே எழுதி வாங்கி ஒப்பிடுதல் எவர்க்கும் எளிது. இன்ஷூரன்ஸை விற்பவரிடமே எடுக்கவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

நேரமில்லாதார் தரகரை நாடலாம். ஆயின் அவர்க்குத் தரகு கொடுப்பவர் யாவர் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். விற்பவர் கொடுப்பாராயின், தரகர் சொல்லும் விற்பவர் பக்கமே சாயும். பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுக்கும் நாம் இதனை மறத்தலாகாது.