தில்லியில் சமையலறையோடு ஒரு வாரம்

தில்லியில் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்த ஃபிளாட்டில் அடுப்பு, ஃபிரிஜ் எல்லாம் இருந்தும் மூன்று வேளையும் வெளியிலேயே சாப்பிட்டோம். மூன்றாம் நாள், ஆக்ராவுக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைக்க நேர்ந்தபோதுதான் சமையலறை நினைவுக்கு வந்தது.

மதர் டெய்ரி பூத்துக்குப் பாத்திரத்துடன் போனால் கிடைக்கும் டோக்கன் பால், பாக்கெட் பாலைவிட மலிவு. சஃபல் கடையில் காய்கறி விலையை எழுதிப் போட்டிருப்பதால், இந்தி தெரியாதவர்கள் பேரத்தில் ஏமாற வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் மாலையில் தெருவோரம் கூடும் சந்தையில், கடை கட்டும் நேரத்துக்கு விலை இன்னும் சரியும் (கீரை துவண்டிருக்கும், அது வேறு விஷயம்). முருங்கைக்காய்க்கு ஐ.என்.ஏ. மார்க்கெட், அங்கே சிக்கனம் பேசக்கூடாது.

சமைக்க அலுத்த மதியங்களுக்கு ஆந்திர பவன் கேன்டீன். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், பசி எடுக்கும் முன்பே போய் வரிசையில் நின்றுவிட வேண்டும்.