14 நாளில் பனி பிடிபடாது

ஆல்ப்ஸ் மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கே 140 ஆண்டுகளுக்கு முன்புவரை பனிச்சறுக்கு தெரியாது. மாதக்கணக்கில் வாசலில் பனி குவிந்து கிடந்தாலும் அவர்கள் தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் இடையே குளிர்காலத்தைக் கழித்தார்கள். காலில் பலகை கட்டிச் சறுக்கும் வழக்கம் வடக்கே நார்வேக்காரர்களுடையது. அவர்களில் ஒருவரான ஃபிரிட்யோஃப் நான்சென் 1888-ல் கிரீன்லாந்தைச் சறுக்குப் பலகைகளில் குறுக்கே கடந்து புத்தகம் எழுதினார். அதைப் படித்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்ற ஆஸ்திரிய ஓவியர் நார்வேயிலிருந்து ஒரு ஜோடிப் பலகையைத் தருவித்தார். சொல்லித்தர ஆளில்லை. லிலியன்ஃபெல்ட் என்ற ஊரின் சரிவுகளில் தானே விழுந்து எழுந்து பழகினார். நார்வேயின் மேட்டு நிலத்துக்கான நீளப் பலகை ஆல்ப்ஸின் செங்குத்துக்கு ஒத்துவராது என்று கண்டு அதைக் குட்டையாக்கினார். காலைப் பலகையோடு பிணைக்கும் முறையை மாற்றினார். 1890களின் பிற்பாதியில் பாடநூலும் எழுதிவிட்டார். காஷ்மீர் கதையும் இதேதான். ஃபெரன் அங்கிக்குள் காங்கிடிச் சட்டியை அணைத்துக்கொண்டு நாற்பது நாள் சில்லைக்கலான் குளிரைத் தாண்டத் தெரிந்த மக்கள் அவர்கள். ஆனாலும் குல்மார்க்கில் இந்திய ஸ்கீ கிளப் 1927-ல் தொடங்கியது ஆங்கிலேய அதிகாரிகளால்தான். பனிச்சறுக்கு ரத்தத்தில் ஊறி வரும் திறமை என்றால் இந்த வரலாறு வேறு மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கொப்பரை காயும் வெயிலில் வளர்ந்த காங்கேயத்துப் பையனுக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நம் ஊரில் இயல்பு. மழையே மலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும் பூமி இது. ஆனால் இந்தியாவின் மிக முக்கியமான பனிச்சறுக்குப் பள்ளிக்கு வித்திட்டவர் பனி பெய்யாத குடகுக்காரர். 1948-ல் காஷ்மீரில் 19-ஆவது காலாட்படை டிவிஷனுக்குத் தலைமை வகித்த மேஜர் ஜெனரல் கே.எஸ்.திம்மய்யா, மடிக்கேரியில் பிறந்தவர். அவர் யோசனையில் குல்மார்க்கில் எழுந்த டிவிஷன் ஸ்கீ பள்ளிதான் பிறகு ராணுவத்தின் உயரமலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. பிறந்த மண் ஒருவரைப் பனிச்சறுக்கு ஆசிரியராக்குவதுமில்லை, ஆகவிடாமல் தடுப்பதுமில்லை. பனிமேல் அவர் செலவழித்த நாட்களின் எண்ணிக்கைதான் ஆக்குகிறது என்பதே இங்கே நான் சொல்ல வருவது. அந்த எண்ணிக்கை ஏன் பெரியதாக இருக்கவேண்டும் என்பதற்கான காரணம் பனியின் இயற்பியலிலேயே இருக்கிறது.

பனி ஏன் வழுக்குகிறது? பள்ளிக்கூடங்களில் பலகாலம் சொல்லித்தந்த விடை: எடை அழுத்துகிறது, அழுத்தத்தில் பனி உருகுகிறது, அந்த நீர்ப்படலத்தில் சறுக்குகிறோம். கணக்குப் போட்டால் இது நிற்காது. 70 கிலோ எடையுள்ளவர் 165 சென்டிமீட்டர் நீளமும் எட்டு சென்டிமீட்டர் அகலமுமான இரண்டு பலகைகளில் நிற்கிறார். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2,640 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 27 கிராம் கூட வராது. நம் தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தத்தில் இது ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டினாலே பனிக்கட்டியின் உருகுநிலை 0.0075 டிகிரிதான் குறையும். மைனஸ் பத்து டிகிரியில் இந்த அழுத்தம் எதையும் உருக்கப்போவதில்லை. 1939-ல் பவுடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சறுக்கும்போது உண்டாகும் உராய்வின் சூடுதான் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். பனிக்கட்டியின் மேற்பரப்பில் இறுகப் பிணையாமல் உருளும் மூலக்கூறுகளும் இதில் கூட்டாளிகள் என்கின்றன பின்னாளைய ஆய்வுகள். ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக்குழு ஒன்று 2018-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, பனிக்கட்டி மிக அதிகமாக வழுக்குவது மைனஸ் ஏழு டிகிரி வாக்கில். அதைவிடக் குளிர்ந்தால் மூலக்கூறுகளின் உருட்டல் அடங்கி உராய்வு ஏறுகிறது. மைனஸ் முப்பதில் பனி மணல்போலப் பிடிக்கும். உருகுநிலையை நெருங்கினாலும் தொல்லைதான்: பனி இளகி, நீர் மிகுந்து, பலகையின் அடியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் காங்கேயத்துக்காரருக்கு விளக்குவது சுலபம். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். மார்கழி விடியலில் பாட்டிலுக்குள் வெள்ளையாக இறுகிக் கிடப்பது, வெயிலேறினால் ஓரமெல்லாம் இளகி, மத்தியானம் தண்ணீராகிவிடும். அதே எண்ணெய், அதே பாட்டில். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தில் மூன்று பொருள். பனியும் தன் உருகுநிலைக்கு அருகிலேயே வாழ்கிற பொருள். இரும்பும் கருங்கல்லும் நம் அன்றாட வெப்பத்தில் உருகுநிலைக்கு எத்தனையோ தூரத்தில் இருப்பதால் காலைக்கும் மாலைக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. பனி அப்படி இராது. இரவு விழுந்த புதுப்பனி காலையில் பஞ்சு. பலர் சறுக்கி அழுந்திய பாதை பத்து மணிக்குப் பலகை. வெயில்படும் தெற்குச் சரிவு மதியம் கஞ்சி. சாயங்காலம் நிழல் விழுந்ததும் அதே கஞ்சி கண்ணாடியாக இறுகும். டிசம்பரின் பனி வேறு, மார்ச்சின் பனி வேறு. இரண்டு வாரத்தில் ஒருவர் சந்திப்பது இந்த முகங்களில் இரண்டையோ மூன்றையோதான். அதுவும் அந்த ஆண்டு வானம் எதைக் கொடுத்ததோ அதை.

பலகையை ஆள்வதும் இதையொட்டியே இருக்கிறது. நூறு மீட்டர் உயரத்திலிருந்து தடையேதும் இல்லாமல் இறங்கினால் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். பனியின் உராய்வு அதை நிறுத்தப் போதாது. ஆகவே திரும்புவதுதான் பிரேக். பலகை நடுவில் ஒடுங்கியும் இரு நுனியில் அகன்றும் செய்யப்பட்டிருக்கும். அதைச் சாய்த்து அழுத்தினால் நடுப்பகுதி வளைந்து, இரும்பு விளிம்பு பனியில் ஒரு வில்லை வெட்டும்; அதிகம் சாய்த்தால் வில் குறுகும். புதியவருக்கு முதலில் கற்றுத்தருவது இரு பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து நிறுத்தும் ஆப்பு நிலை. மேல்நாட்டுப் பயிற்றுநர்கள் குழந்தைகளிடம் இதை ‘பீட்சா’ என்பார்கள். இரண்டையும் இணையாக வைப்பது ‘பிரெஞ்ச் ஃப்ரைஸ்’. ஸ்னோபோர்டில் இரு காலும் ஒரே பலகையில் குறுக்காகக் கட்டப்பட்டிருப்பதால் கணக்கே வேறு: கீழ்ப்பக்க விளிம்பு பனியில் சிக்கிய நொடியில் ஆள் கையை ஊன்றி விழுவார். அதனால்தான் ஸ்னோபோர்டு பழகுபவர்களுக்கு மணிக்கட்டும், ஸ்கீ பழகுபவர்களுக்கு முழங்காலும் அதிகம் அடிபடுகின்றன.

சறுக்கத் தெரிவதும் சறுக்கச் சொல்லித்தருவதும் ஒன்றல்ல என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சரிவைப் பார்த்ததும் பயந்த உடம்பு மலைப்பக்கமாகப் பின்னே சாயும். தரையில் இது சரியான தற்காப்பு. பலகையில் இது ஆபத்து: முன்பகுதியில் எடை விழாது, பலகை திரும்பாது, வேகம் கூடும், பயமும் கூடும். ஆகவே ஆசிரியரின் முதல் வேலை, பள்ளத்தை நோக்கி எடையைக் கொண்டுவா என்று உடம்பின் உள்ளுணர்வுக்கு எதிராக ஒருவரை இணங்கவைப்பது. எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் சகாக்களும் 1998-ல் வெளியிட்ட சோதனையில், ஸ்கீ அசைவைப் போலியாகச் செய்யும் கருவிமேல் ஆட்களை ஏற்றினார்கள். ஒரு குழுவுக்குத் தங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குப் பாதத்துக்குக் கீழே உள்ள சக்கரங்களின்மேல் விழும் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டாம் குழு நன்றாகக் கற்றது. உடம்பைப் பார்க்காதே, உடம்பு விளைவிப்பதைப் பார் என்ற இந்தச் சின்ன மாற்றத்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். எதிரே நிற்கும் நடுங்கும் ஆளுக்கு எந்த நேரத்தில் எந்த வார்த்தை என்பதை, நூறு பேர் விழுவதைப் பார்த்துத்தான் பிடிக்கமுடியும்.

பனிமேல் செலவழித்த நாட்கள் என்ற அளவுகோலை நம் நாட்டுப் பயிற்சிமேல் வைத்துப் பார்ப்போம். உத்தராகண்டின் ஔலியில் 7 நாள், 14 நாள் வகுப்புகள். குல்மார்க்கின் இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், மணாலி மலையேற்ற நிறுவனம் ஆகியவற்றிலும் இரண்டு வார அளவிலான படிகள்தான். தொடக்கநிலைக்கு இவை நல்ல வாசல், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடிப்படை முடித்தவர் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு மீண்டும் சரிவில் நிற்கும்போது பாதி மறந்திருப்பார். ராணுவம் வேறு வழியில் போகிறது: அதன் குல்மார்க் பள்ளியில் குளிர்காலப் போர்ப் பயிற்சி ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நடக்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து வந்தவரும் தேனியிலிருந்து வந்தவரும் லடாக்கிலிருந்து வந்தவரும் ஒரே சரிவில் நிற்கிறார்கள். கனடாவில் முதல்நிலைப் பயிற்றுநர் சான்றிதழ் சில நாட்களில் கிடைக்கிறதே என்று ஒருவர் மடக்கலாம். கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு, புதியவர்களுக்கு மட்டும் சொல்லித்தருவதற்கான அனுமதி அது. அடுத்த நிலைகளுக்கு அங்கேயும் குளிர்காலம் குளிர்காலமாகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போய் ஜயன்ட் ஸ்லாலமில் 45-ஆவதாக வந்த ஆரிஃப் கான் குல்மார்க் பக்கத்துக்காரர். நான்கு வயதில் பலகை கட்டியவர். நொடியில் நூறில் ஒரு பங்குக்காக ஓடும் பந்தயத்தில் குழந்தைப் பருவத்துப் பழக்கம் நிச்சயமாக முந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியத் தொழில் பந்தயம் இல்லை. வயது வந்தபின் பழகியவருக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு: எந்தப் படியில் தடுக்கியது என்பது அவருக்கு நினைவிருக்கும். நான்கு வயதில் கற்றவருக்கு அது நினைவிருக்காது. பந்தயத்திலும்கூடக் கதவு முழுக்க மூடிவிடவில்லை. சமவெளிப் பனிச்சறுக்கில் 2025-ல் சிலியில் நடந்த சர்வதேசப் போட்டி ஒன்றில் வெண்கலம் வாங்கிய பவானி தெக்கடா நஞ்சுண்டா குடகுப் பெண்.

பனியே வேண்டாம், சக்கரம் போதும் என்பது இரண்டாவது மறுப்பு. ஷிவா கேசவன் இமயமலைத் தார்ச்சாலையில், லாரிகளுக்கு நடுவே, சக்கரம் பூட்டிய சறுக்குவண்டியில் பயிற்சி எடுத்து ஆறு ஒலிம்பிக்குகளுக்குப் போனார். வியக்கவேண்டிய காரியம். அவர் ஆடிய லூஜ் ஆட்டத்தின் பனிக்கட்டித் தடம் மனிதர் செதுக்கிப் பராமரிப்பது. திறந்த மலைச்சரிவின் பனி அப்படி யாருக்கும் கட்டுப்பட்டது இல்லை. கால் வலிமையையும் சமநிலையையும் காங்கேயத்தில் ரோலர் ஸ்கேட்டிலேயே சம்பாதிக்கலாம். பனியை வாசிக்கப் பனியிடம்தான் போகவேண்டும்.

வாசிப்பது என்றால் என்ன என்பதை ஒரு குழியில் பார்க்கலாம். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு படுகை. மெல்லிய பனிமேல் கடுங்குளிர் இரவுகள் அடுத்தடுத்து வந்தால், கீழ்ப்படுகையின் துகள்கள் ஒட்டாத சர்க்கரைபோல மாறிவிடும். அதன்மேல் புதிதாக இரண்டடி விழுந்து, சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால், ஒரு ஆளின் எடையே மேல்தட்டை மொத்தமாகப் பெயர்த்துவிடலாம். இதைச் சோதிக்கப் பயிற்றுநர்கள் மண்வெட்டியால் குழி தோண்டி, சுவரிலிருந்து ஒரு அடிச் சதுரத் தூண் ஒன்றை அறுத்து நிறுத்துவார்கள். தூணின் தலையில் மண்வெட்டியின் தட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில், எந்தப் படுகையில் தூண் வழுக்கி உடைகிறது என்று பார்ப்பார்கள். மணிக்கட்டுத் தட்டிலேயே வழுக்கினால் அன்று அந்தச் சரிவுப் பக்கம் போகக்கூடாது. புதைந்தவரைத் தோண்டும் பயிற்சியும் இதோடு சேர்ந்தது. 1994-ல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வின்படி கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடத்தில் அது மூன்றில் ஒருவராகச் சரிகிறது. வெளியிலிருந்து மீட்புக்குழு வருவதற்குள் முடிந்துவிடும் கணக்கு இது, உடன் நிற்பவர்களே தோண்டியாகவேண்டும்.

இத்தனை படித்தவர்களும் சாகிறார்களே என்பதுதான் மறுப்புகளில் கடினமானது. 2010 பிப்ரவரி 8-ம் தேதி, குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க்கில், பயிற்சியில் இருந்த ராணுவத்தினர்மேல் பனிச்சரிவு விழுந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களுடையது நிபுணர்களின் பள்ளி. ஸ்டார்ஸ்கியும் 1916-ல், மலைப்படைகளுக்கு ஆலோசகராக இருந்தபோது, பனிச்சரிவில் அகப்பட்டு ஏறக்குறைய 80 இடங்களில் எலும்பு முறிந்து தப்பினார். பயிற்சி மரணத்தை ஒழிக்கும் என்று யாரும் சொல்லமுடியாது. தூண் சோதனைகூட அந்த ஒரு குழியின் செய்தியைத்தான் சொல்லும், இருபது மீட்டர் தள்ளி வேறாக இருக்கலாம். ஆனால் இது குறைவான பயிற்சிக்கு ஆதரவான வாதமாகாது. இந்த வரம்பு தெரிந்த ஆசிரியர்தான் மாணவரை அந்தச் சரிவிலிருந்து திருப்பி அழைத்துவருவார். இரண்டு வாரம் படித்தவருக்குத் தன் வரம்பு எது என்றே தெரியாது.

நமக்கு இது வேண்டாத ஆராய்ச்சி என்பவர்களுக்கு ஒரு தேதி. 2016 பிப்ரவரி 3, சியாச்சினில் 19,600 அடி உயரக் காவல்சாவடிமேல் பனி இடிந்தபோது புதைந்தவர்கள் மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாளத்தோடு இருந்த பத்துப் பேர். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இருப்பது கோவைக்கு மேலே, வெலிங்டனில். நம் பிள்ளைகள் பனிக்குப் போய் வெகுகாலமாகிறது.

இனி பருவமே குறுகுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு, பனி போதாமல் மார்ச்சுக்குப் போனது. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழல்கள் தவறினால் காஷ்மீருக்குப் பனியில்லை. தேதி குறித்து வைத்த 14 நாள் வகுப்பு இத்தகைய ஆண்டில் வெறும் மண்ணில் முடியும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை அதே மாணவரை மலையிலேயே தங்கவைத்து, காலையில் அவர் கற்றுக்கொள்ள, பிற்பகலில் மூத்த பயிற்றுநர் பக்கத்தில் நின்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லித்தர வைக்கும் முறை இந்த ஆட்டத்தைத் தாங்கும். பனி தாமதமானாலும் வந்த அன்று ஆள் அங்கே இருப்பார். செலவு அதிகம் என்பார்கள். குல்மார்க்கின் கொண்டோலா கம்பிவட வண்டியில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் ஏறி இறங்குகிறார்கள். அவர்களில் சறுக்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதல் தடவை பலகை கட்டுகிறவர்கள். பிற்பகல் வகுப்பின் கட்டணத்திலிருந்தே பயிற்சி மாணவரின் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கொடுத்துவிடலாம்.