வழிகாட்டி நூல்களும் மேலாண்மைக் கழகப் பிரவேசமும்

வருஷந்தோறும் பெரும்பாலும் நவம்பர் மாதக் கடைசியில் நமது தேசத்தில் ஒரு பெரிய பரீக்ஷை நடைபெறுகிறது. இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர விரும்பும் பட்டதாரிகளுக்காக ஏற்பட்ட இந்தப் பொதுச் சேர்க்கைப் பரீக்ஷையைச் சுருக்கமாகக் ‘கேட்’ என்று வழங்குகிறார்கள். 2024-ஆம் வருஷத்தில் இதற்குப் பெயர் பதிந்துகொண்டவர்கள் சுமார் 3 லக்ஷத்து 29 ஆயிரம் பேர். வந்து எழுதியவர்கள் சுமார் 2 லக்ஷத்து 93 ஆயிரம் பேர். ஆமதாபாத் கழகத்தின் பிரதானமான இரண்டு வருஷப் படிப்பிலோ ஆண்டொன்றுக்குச் சுமார் 400 பேருக்கே இடமுண்டு. இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு சிறிய வாயிலில் நெருங்கும்போது, உள்ளே செல்லும் வழியைக் காட்டுவதாகச் சொல்லி விலை கேட்போர் தோன்றுவது இயல்பே. புத்தகக் கடைகளில் தலையணைப் பருமனுள்ள வழிகாட்டி நூல்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றை வாங்கும் வாலிபனுக்கு மெய்யான அனுகூலம் உண்டா என்பதே இன்று நாம் விசாரிக்க விரும்பும் விஷயம்.

முதலில் நூல்களுக்குச் சாதகமான பக்ஷத்தைச் சொல்லிவிடுவோம். இந்தப் பரீக்ஷை மூன்று பகுதிகளை உடையது: இங்கிலீஷ் வாசகத்தைப் படித்து உணர்தல், விவரங்களைக் கொண்டு தர்க்கித்தல், கணக்கு. பகுதி ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். சரியான விடைக்கு மூன்று மார்க். கொடுக்கப்பட்ட விடைகளில் தவறானதைத் தெரிந்தெடுத்தால் ஒரு மார்க் குறைக்கப்படும். விடையைத் தானே பதிய வேண்டிய வினாக்களுக்கு அந்தத் தண்டனை இல்லை. எந்த வினாவைத் தொடுவது, எதை விட்டுவிடுவது என்ற விவேகம் இத்தகைய பரீக்ஷையில் பாதி வெற்றி. பழைய வினாத்தாள்களைக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பழகாதவனுக்கு அந்த விவேகம் வராது. கணக்கோ பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் கற்றதே. மறந்துபோனதை ஒழுங்காக நினைவூட்ட நல்ல நூல் ஒன்று உதவும். ஆகவே, வழிகாட்டி நூல்களால் சிறிதும் பிரயோஜனமில்லை என்று வாதிப்பது நியாயமாகாது.

ஆனால் அந்த நூல்களின் சார்பில் கூறப்படும் சாட்சியம் எத்தகையது? முதலிடம் பெற்றவர்களின் படங்கள் விளம்பரங்களில் வரிசையாக அச்சிடப்படுகின்றன. அவர்கள் இன்ன நூலைப் படித்தார்கள், ஆகையால் வென்றார்கள் என்று நாம் நம்பவேண்டுமாம். அதே நூலை விலை கொடுத்து வாங்கி, அதே பக்கங்களில் கோடிட்டுப் படித்து, இடம் பெறாமற் போன ஆயிரக்கணக்கானவர்களை யாரும் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில்லை. ஒரு பக்ஷத்துச் சாட்சிகளை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதியை நாம் என்னவென்று சொல்லுவோம்? வென்றவர்களிலும், நூல் இல்லாமலே வென்றிருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்லவில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. இந்தப் பரீக்ஷையில் இவ்வளவு மார்க் வாங்கினால் தேறியதாகும் என்ற விதி கிடையாது. பெர்ஸன்டைல் என்னும் கணக்கின்படி, எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டே ஒருவனுடைய ஸ்தானம் நிர்ணயிக்கப்படுகிறது. 99 பெர்ஸன்டைல் என்றால், எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அவனுக்குக் கீழே நிற்கிறார்கள் என்று பொருள். தேரோட்டத்தில் ஒருவன் மட்டும் முக்காலியின் மேல் ஏறி நின்றால் அவனுக்குத் தேர் நன்றாகத் தெரியும். எல்லோரும் முக்காலி வாங்கி ஏறிவிட்டால், யாருக்கும் முன்னைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது; முக்காலி வாங்கக் காசில்லாதவனுக்கோ தேரே தெரியாது. கடைசியில் லாபம் அடைந்தவன் முக்காலி விற்றவன். வழிகாட்டி நூல்களின் கதையும் இதுவே. எல்லோரும் படிப்பதால் அவை ஒருவனையும் பிறரினும் உயர்த்துவதில்லை. படிக்காதவனை மட்டும் கீழே தள்ளுகின்றன. சகாயம் என்ற பெயரில் வந்த பொருள் வரியாக மாறிவிட்டது. 2024-இல் விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவினருக்கு 2,500 ரூபாயாக இருந்தது. அதற்குமேல் நூல்களின் கிரயம், பயிற்சி வகுப்பின் சம்பளம் என்று இந்த வரி ஏறிக்கொண்டே போகிறது.

மேலும், நூல் நிலையாக நிற்பது. பரீக்ஷை மாறிக்கொண்டே இருப்பது. 2008 வரையில் காகிதத்தில் எழுதப்பட்ட இந்தப் பரீக்ஷை 2009 முதல் கம்ப்யூட்டரில் நடைபெறுகிறது. 2019-இல் மூன்று மணி நேரத்துக்கு 100 வினாக்கள் இருந்தன. 2020-இல் இரண்டு மணி நேரத்துக்கு 76 வினாக்கள் ஆயின. அந்நிய நாட்டு வியாபாரக் கல்லூரிகளை நாடுவோர் எழுதும் ஜிமாட் பரீக்ஷையின் நிலையும் இதுவே. 1954-இல் தோன்றிய அந்தப் பரீக்ஷை 2023-ஆம் வருஷக் கடைசியில் புது உருவம் கொண்டது. கட்டுரை எழுதுவதும், வாக்கியப் பிழை திருத்துவதும், க்ஷேத்திர கணிதமும் அதிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுக்கென எழுதப்பட்ட அத்தியாயங்களை ராப்பகலாய்ப் பாடம் செய்தவர்களின் உழைப்பு, அந்தப் பரீக்ஷையைப் பொறுத்தவரை, வீணாயிற்று. வறிய மாணாக்கனோ நடைபாதைக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய பதிப்பையே வாங்குகிறான். மாறுதலின் நஷ்டம் அவன் தலையிலேயே அதிகமாக விழுகிறது.

எழுத்துப் பரீக்ஷை முதல் வாயிலே ஆகும். அதைக் கடந்தவனுடைய பள்ளிப் படிப்பு, பட்டப் படிப்பு, உத்தியோக அனுபவம் ஆகியவற்றையும் கழகங்கள் கணக்கிடுகின்றன. பிறகு நேர்முகப் பேட்டி நடைபெறுகிறது. கடந்த காலத்தில் வாங்கிய மார்க்கை எந்த நூலும் திருத்தி எழுத முடியாது. பேட்டிக்கும் வழிகாட்டி நூல்கள் உண்டு. ‘உன் குறை என்ன?’ என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதிலைக்கூட அவை அச்சிட்டுக் கொடுக்கின்றன. ஒருவனுடைய குறையை மற்றொருவன் எழுதிக் கொடுத்து அவன் ஒப்பிப்பது என்ன வேடிக்கை! நாள் முழுவதும் விண்ணப்பதாரர்களை விசாரிக்கும் ஆசிரியர்களுக்கு மனப்பாடப் பதில் முதல் வாக்கியத்திலேயே விளங்கிவிடும். தகப்பனாரின் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவன், கூட்டுறவுப் பால் சங்கத்தில் வேலை பார்த்தவன், தான் கண்டதை நேராகச் சொன்னால் அதற்குள்ள மதிப்பு கடன் வாங்கிய வார்த்தைகளுக்கு இராது. வழிகாட்டி நூல் பிரயோஜனமற்றது என்பதோடு நில்லாமல் கேடாகவும் முடிவது இந்த இடத்திலேதான்.

இனித் தமிழ் மாணாக்கரை விசேஷமாகப் பாதிக்கும் விஷயத்துக்கு வருவோம். வாசகப் பகுதியில் பெரும்பாலான வினாக்கள் நீண்ட இங்கிலீஷ் உரைப்பகுதிகளைப் படித்து விடையளிக்க வேண்டியவை. தமிழில் பயின்று கிராமக் கல்லூரியில் பட்டம் பெற்றவனுக்கு உண்மையான தடை இங்கேதான் இருக்கிறது. அதை மூன்று மாதத்தில் நீக்கிவிடுவதாகச் சொல்லிச் சொற்பட்டியல்களை விற்கிறார்கள். வாசிப்புப் பழக்கம் பல வருஷங்களில் விளையும் பயிர். பட்டியலை மனப்பாடம் செய்து அதை அறுவடை செய்ய முடியாது. என்ஜினீயர் படிப்புக்கான ஜேஇஇ மெயின் பரீக்ஷையும், வைத்தியப் படிப்புக்கான நீட் பரீக்ஷையும் 2021 முதல் தமிழ் உள்ளிட்ட 13 பாஷைகளில் நடத்தப்படுகின்றன. மேலாண்மைக் கழகப் பரீக்ஷை மட்டும் இங்கிலீஷிலேயே நிற்கிறது. கழகங்களில் போதனை இங்கிலீஷில் நடப்பதால் அந்த பாஷையில் திறமையைச் சோதிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வோம். அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறதே! தர்க்கத்துக்கும் கணக்குக்கும் உரிய வினாக்களைத் தேச பாஷைகளிலும் கொடுப்பதற்கு என்ன ஆக்ஷேபம்? வட்டிக் கணக்கு இங்கிலீஷில் கேட்டால்தான் வட்டிக் கணக்காகுமா?

ஆகவே நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். விண்ணப்பிக்கும் வாலிபன் புது அமைப்பை ஒட்டிய நூல் ஒன்றோடு நிறுத்திக்கொள்க. அதிகார பூர்வமான இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் மாதிரித் தேர்வைப் பலமுறை பழகுக. எஞ்சிய பணத்தையும் பொழுதையும் நல்ல பத்திரிகைகளையும் புத்தகங்களையும் வாசிப்பதில் செலவிடுக. பேட்டிக்குத் தன் வாழ்க்கையையே துணையாகக் கொண்டு செல்க.

இது தனி மனிதன் செய்யக்கூடியது. ஜனசமூகம் செய்ய வேண்டியது வேறு. 1961-இல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொடங்கி, 2011-இல் திருச்சிராப்பள்ளி வரையில் வந்த இந்தக் கழகங்கள் பொது ஜனங்களின் சொத்து. 2017-ஆம் வருஷத்திய பார்லிமெண்டுச் சட்டத்தால் பட்டமளிக்கும் உரிமை பெற்றவை. பரீக்ஷைக்கு வேண்டிய பயிற்சிப் பாடம் முழுவதையும், விளக்கத்துடன், தேச பாஷைகளில், இலவசமாக வெளியிடும் கடமை அவற்றுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகளின் கடமை. அதுவரையில், ஒவ்வோர் ஊர் வாசகசாலையும் புதிய பதிப்பில் ஒரு பிரதி வாங்கி வைத்து, பத்துப் பேர் கூடிப் படிக்க ஒரு மேஜையும் விளக்கும் கொடுக்கட்டும். கிராமத்து வாலிபனும் நகரத்துத் தனவந்தர் மகனும் ஒரே படியிலிருந்து ஏறட்டும். பிறகு யார் முந்துகிறார்கள் என்று பார்ப்போம்.