பெட்டியின் இரண்டாவது சாவி

நகைக் கடன் வழங்கும் கூட்டுறவுச் சங்கங்களில் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் உண்டு. அவை இரண்டும் ஒருவர் கையில் இருத்தல் கூடாது என்பது நாம் அனைவரும் அறிந்த விதி. இவ்விதி செயலாளரையோ காசாளரையோ ஐயுற்று ஏற்பட்டதன்று. நேர்மையானவரும் அயர்ந்திருக்கும் வேளை உண்டு. அவசரப்படும் வேளை உண்டு. பிறர் பேச்சில் மயங்கும் வேளையும் உண்டு. அவ்வேளையில் அவருக்குத் துணையாக நிற்பதே இரண்டாவது சாவி.

இன்று நமது பணத்தில் பெரும்பகுதி இரும்புப் பெட்டியில் இல்லை. நெசவுக் கூலி வங்கிக் கணக்கில் வரவாகிறது. பயிர்க்கடனும் காப்பீட்டுத் தொகையும் அவ்வாறே வந்து சேருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பேரேடு கணினிக்குள் சென்றுவிட்டது. பணத்தின் சாவியோ அங்கத்தினர் ஒவ்வொருவரின் செல்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. இப்புதிய பெட்டிக்கு இரண்டாவது சாவி எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் விஷயம்.

ஓர் அங்கத்தினருக்கு நேர்ந்தது

சில காலத்திற்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். அன்று கூலி பட்டுவாடா நாள். மூத்த நெசவாளர் ஒருவர் செயலாளரிடம் வந்து, அடுத்த பாவுக்கு உரிய கூலியில் முன்பணம் வேண்டுமெனத் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் முன்பணம் கேட்டு எவரும் கண்டதில்லை. காரணம் வினவியபோது முதலில் மழுப்பினார், பிறகு கண்கலங்கிவிட்டார்.

இரண்டு நாட்களுக்கு முன் மாலையில் அவருடைய செல்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. விவரங்களை உறுதிசெய்யாவிடில் அன்றிரவே அவரது வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்றது செய்தி. கீழே ஓர் இணைப்பு இருந்தது. அதைத் தொட்டதும் வங்கியின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறந்தது. கேட்ட விவரங்களை எல்லாம் நிரப்பினார். உடனே வங்கியிலிருந்து ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அதையும் அப்பக்கத்தில் எழுதினார். தீபாவளி போனஸும், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கெனச் சேர்த்ததும் சேர்ந்து இருந்த 38,000 ரூபாய் அந்த நிமிடமே போய்விட்டது.

"யாரிடமும் சொல்லவில்லையா?" என்று செயலாளர் கேட்டார். "எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன், ஐயா? படித்த மகளிடம்கூடச் சொல்லவில்லை" என்றார் அவர். அந்த இரண்டு நாட்களில் பணம் பல கணக்குகளுக்கு மாறி, ரொக்கமாகவும் எடுக்கப்பட்டுவிட்டது.

இந்நிகழ்ச்சியில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். உரியவரைக் கொண்டே கதவு திறக்கப்பட்டது. அதற்குத் திருடனுக்கு உதவியவை இரண்டு. முதலாவது, "இன்றிரவே" என்ற அவசரம். இரண்டாவது, அவர் தனியே முடிவு செய்தமை. சாதாரண மக்களைத் தாக்கும் இணைய மோசடிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் மீதே நிற்கின்றன.

பொய்த் தபால்

மேலே கூறிய மோசடியை ஆங்கிலத்தில் தூண்டிலிடுவதை ஒத்த பெயரால், 'ஃபிஷிங்' என அழைக்கிறார்கள். இது குறுஞ்செய்தியாகவும், மின்னஞ்சலாகவும், வாட்ஸ்அப் தகவலாகவும் வரும். மின்கட்டணம் நிலுவை, கூரியர் நிறுத்திவைப்பு, வாகன அபராதம், பரிசு விழுந்தது எனக் காரணங்கள் மட்டும் மாறும்.

இணைய முகவரி ஒன்றை எவ்வாறு படிப்பது என்று அறிந்துகொள்வது இங்கே பெரிதும் உதவும். தபால் விலாசத்தில் வீட்டின் பெயரை எவரும் தம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். இறுதியில் வரும் ஊரும் மாவட்டமும் அப்படி மாறுவதில்லை. இணைய முகவரியும் அத்தகையதே. முதல் ஒற்றைச் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் கடைசிச் சொற்களை நோக்க வேண்டும். உரியவர் யார் என்பதை அவையே காட்டும். முன்னால் வங்கியின் பெயர் பெரிதாக இருப்பதால் அது வங்கியின் இடமாகிவிடாது. நமது நாட்டு வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. இம்முடிவுப் பெயர் வங்கிகளுக்கு மட்டுமே அளிக்கப்படுவது. முகவரியின் அருகே தோன்றும் பூட்டுச் சின்னத்தை நம்பி ஏமாறுவோரும் உளர். வழியில் பிறர் படிக்க இயலாதபடி தகவல் செல்கிறது என்பதையே அச்சின்னம் கூறும். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்று அது கூறுவதில்லை.

எனினும் எல்லோருக்கும் எளிய வழி ஒன்று உண்டு. செய்தியில் வந்த இணைப்பைத் தொடவே வேண்டாம். வங்கியின் விஷயமானால் கிளைக்கு நேரில் செல்லலாம். அல்லது கணக்குப் புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே பேசலாம். செய்தியில் கண்ட எண்ணுக்குப் பேசினால் அதே திருடன்தான் பதில் சொல்வான்.

ரகசிய எண்கள்

ஓ.டி.பி. என்பது வங்கி நம்மிடம் கேட்கும் கைந்நாட்டு. "இந்தக் காரியத்திற்கு உமக்குச் சம்மதமா?" என்று கேட்டே அவ்வெண்ணை வங்கி அனுப்புகிறது. அதைப் பிறரிடம் சொல்லுவது வெற்றுக் காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். எந்த வங்கி ஊழியரும் அதைத் தொலைபேசியில் கேட்க மாட்டார்.

யூ.பி.ஐ. ரகசிய எண்ணைப் பற்றியும் ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். பணம் கொடுப்பதற்கு அது தேவை. பணம் பெறுவதற்குத் தேவையே இல்லை. சேலையோ, மஞ்சளோ, வாழைத்தாரோ வாங்குவதாகச் சொல்லி, "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்து உங்கள் எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவர் கூறினால், பணம் நம்மிடமிருந்தே போகப்போகிறது என்று தெளியலாம்.

விவசாயிகள் மற்றோர் ஆபத்தையும் அறிய வேண்டும். பி.எம். கிசான் தவணை, பயிர்க் காப்பீடு ஆகியவற்றின் பெயரால் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்புகள் உலவுகின்றன. இவை செயலிகளே. அரசின் சின்னம் வெளியே இருக்கும். உள்ளே ஒற்றன் இருப்பான். ஒருமுறை அவற்றை நிறுவி அனுமதியும் அளித்துவிட்டால், நமக்கு வரும் குறுஞ்செய்திகளைத் திருடனும் படிப்பான், ஓ.டி.பி.யை நாம் வாய்திறந்து சொல்லவும் வேண்டியதில்லை. தொலைவிலிருந்து நமது திரையைக் காணவும் இயக்கவும் உதவும் செயலிகளும், முன்பின் அறியாதவர் சொல்லி நிறுவும்போது, இதே தீமையைச் செய்யும். செயலிகளை உரிய அங்காடியிலிருந்து மட்டுமே பெறுதல் நன்று.

ஆசை காட்டுவதோடு அச்சமும் காட்டுவர். காவல்துறை உடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, "உம்மை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், யாரிடமும் பேசலாகாது" என்று மணிக்கணக்கில் மிரட்டிப் பணம் பறிப்பது அண்மைக் காலத்தில் பரவிய கொடுமை. நமது நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று எதுவும் இல்லை. "யாரிடமும் பேசலாகாது" என்ற சொல்லே அவன் திருடன் என்பதற்குப் போதிய சான்று.

சங்கத்தின் கணினி

"எங்களுடையது சிறிய சங்கம், எங்களை யார் நாடப்போகிறார்கள்?" என்று நிர்வாகக் குழுவினர் சிலர் கேட்பதுண்டு. 2018 ஆகஸ்ட் மாதம் புனே நகரின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்பில் புகுந்தவர்கள், போலி அட்டைகளைக் கொண்டு 28 நாடுகளின் ஏ.டி.எம். இயந்திரங்களில் பணம் எடுத்தும், வெளிநாட்டுக்கு மாற்றியும் 94 கோடி ரூபாய் அளவில் கவர்ந்தனர். 2024 ஜூலை இறுதியில், வங்கிகளுக்குக் கணினிச் சேவை அளிக்கும் ஒரு நிறுவனம் தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் தடைப்பட்டது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும் அவற்றில் அடங்கும். சிறியவர், பெரியவர் என்ற பேதம் திருடனுக்கு இல்லை.

கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்கள் பலவகை. வைரஸ் என்பது கோப்புகளைப் பற்றிக்கொண்டு பரவும். புழு எனப்படுவது எவர் துணையுமின்றி வலையமைப்பின் வழியே தானே ஊர்ந்து செல்லும். நல்ல நிரலைப் போல் வேடமிட்டு வருவது ட்ரோஜன். இக்காலத்தில் அலுவலகங்கள் பெரிதும் அஞ்ச வேண்டியது பணயத் தாக்குதல். அது கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும்.

2017 மே 12-ஆம் தேதி 'வானாக்ரை' என்ற இத்தகைய நிரல் பரவத் தொடங்கி, ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைப் பீடித்தது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் சில நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. 'புதுப்பிக்கவும்' என்று கணினி கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிவிடும் நமது எழுத்தர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும். மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான இலவசத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. அதை இன்னும் உபயோகிக்கும் சங்கங்கள் மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப்போடலாகாது.

பணயத் தாக்குதலுக்கு மருந்து, நகல் ஒன்றே. பேரேடுகளின் நகலை வாரந்தோறும் தனி வட்டில் எடுத்து, வட்டைக் கணினியிலிருந்து கழற்றி, பெட்டகத்தில் வைக்க வேண்டும். கழற்றாமல் விட்ட வட்டும் கணினியுடன் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். எடுத்த நகல் திறக்கிறதா என்று இடையிடையே பார்த்துக்கொள்வதும் அவசியம். திருமண அழைப்பிதழ் அச்சிடவென்று எவரோ கொண்டுவரும் பென் டிரைவைச் சங்கக் கணினியில் செருகும் வழக்கத்தை இன்றே நிறுத்துதல் நலம்.

கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். பெயரும் பிறந்த ஆண்டும் கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நான்கு சொற்களைக் கோத்தால் நினைவில் நிற்கும். பிறர் ஊகிக்கவும் அரிது. ஒரே சொல்லைப் பல இடங்களில் உபயோகித்தால், ஓரிடத்தில் களவுபோனது எல்லா இடத்தையும் திறந்துவிடும்.

இனி, சங்கப் பணம். இணையவழி வங்கிச் சேவையில் ஒருவர் பதிய, மற்றொருவர் ஒப்புதல் அளிக்கும் ஏற்பாடு உண்டு. ஆய்வின்போது சில சங்கங்களில் நாம் காண்பது என்ன? இருவருக்குரிய கடவுச்சொற்களும் ஒரே எழுத்தரின் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கின்றன. இது பெட்டகத்தின் இரு சாவிகளையும் ஒரே ஆணியில் மாட்டிவைப்பதாகும். நூல் அல்லது உரம் வழங்குவோரிடமிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், பழைய பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணில் அவர்களைக் கேட்டு, கேட்டவர் பெயரையும் நாளையும் கோப்பில் குறித்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும்.

பணம் போய்விட்டால்

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். வங்கிக்கும் உடனே தெரிவித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் இன்னும் ஏதேனும் ஒரு கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அதை அங்கேயே நிறுத்திவைக்க இயலும்; அது ரொக்கமாக மாறிவிட்டால் கைக்கு வருவது அரிது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்திற்கு உள்ள மதிப்பு மறுநாளுக்கு இல்லை. வாடிக்கையாளர் தம் ரகசிய எண்ணைத் தாமே வெளியிட்டிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியைச் சாரும் என்று 2017-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிக் கட்டளைகள் வகுத்தன. எழுதிக் கொடுத்த புகாரின் பயன் இதனால் விளங்கும்.

முன்பணம் கேட்டு வந்த அந்த நெசவாளர் மூடரல்லர். பாவில் ஓரிழை அறுந்தாலும் விரலால் உணரும் கூர்மை உடையவர். வெட்கமே அவர் வாயை அடைத்தது. களவு கொடுத்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர்க்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

இரண்டாவது சாவி எது என்ற வினாவிற்கு இப்போது விடை கூறலாம். பணத்தைப் பற்றிய எந்த அழைப்பும், எந்தச் செய்தியும் வந்தால், விரலை வைப்பதற்கு முன் மற்றொருவரிடம் காட்டுவதே அது. மகளாக இருக்கலாம், அடுத்த தறிக்காரராக இருக்கலாம், சங்கத்தின் எழுத்தராக இருக்கலாம். அடுத்த பட்டுவாடா நாளன்று செயலாளர்கள் பத்து நிமிடம் ஒதுக்கி இதனை விளக்குவார்களாக. 1930 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதோடு, "எந்நேரமும் வந்து சொல்லலாம்; எவரும் ஏளனம் செய்யார்" என்ற ஒரு வரியையும் அதன் கீழே சேர்த்து எழுதுமாறு வேண்டிக்கொள்கிறோம்.