வங்க இளைஞரின் ராக் கச்சேரி

கல்கத்தாவில் வாழும் தமிழருக்கு இசைப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. (2001-இல் கொல்கத்தா என்று பெயர் மாறிய பின்னும் நம் இல்லங்களில் இவ்வூர் கல்கத்தாவே!) 1952-இல் தொடங்கிய டோவர் லேன் இசை மாநாட்டில், ஜனவரிக் குளிருக்குச் சால்வை போர்த்து, விடியும் வரை சிதாரும் சரோதும் கேட்ட அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். ரவீந்திர சங்கீதமோ, நாம் அழையாமலே அண்டை வீட்டுச் சன்னல் வழியே வந்து சேர்ந்துவிடும். ஆயினும் இந்நகரில் அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ள ஓர் இசைக்கு மட்டும் நம் பெரியோர் செவி சாய்த்ததில்லை. அதுவே வங்க மொழி ராக். “இது இசையா, இரைச்சலா?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் கடந்து போவதே நம் வழக்கம்.

சென்ற குளிர்காலத்தில், தென் கல்கத்தாவின் சிற்றரங்கு ஒன்றில், நாம் நால்வர் அதை நேரில் கேட்டு வந்தோம். குழுவின் பெயரை இங்கே வெளியிடவில்லை. அதில் டிரம் வாசிக்கும் இளைஞன் நம் சங்கக் குடும்பம் ஒன்றின் பிள்ளை. வீட்டாரில் பாதிப் பேருக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. சிறு வயதில் லேக் மார்க்கெட் பகுதியில் மிருதங்கம் பயின்ற கைகள் அவை.

இம்மரபின் தொடக்கத்தை முதலில் சொல்லிவிடுவோம். பார்க் ஸ்ட்ரீட் உணவு விடுதிகளில் மேனாட்டு இசை நெடுங்காலம் ஒலித்தது. 1969-ஐ ஒட்டி அங்குள்ள டிரிங்காஸ் விடுதியில் பட்டுப்புடவையும் பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடிய உஷா உதுப் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரே. ஆனால் அங்கு ஒலித்தவை பெரும்பாலும் பிறர் இயற்றிய பாட்டுகள். 1970-களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயும் தோழர்களும் கிதாரைக் கையில் எடுத்து, தம் சொந்தப் பாட்டை, தம் தாய்மொழியில் பாடத் துணிந்தனர். ஜீபனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்த பெயரைக் குழுவுக்கு இட்டனர்: மொஹீனேர் கோராகுலி, அதாவது மொஹீனின் குதிரைகள். பாவுல் பாடகரின் நாட்டு மெட்டும் மேனாட்டு ராக்கும் அவர்களிடம் கலந்து நின்றன. அந்நாளில் அவர்களைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1981-இல் குழு கலைந்தது. 1995-இல் புத்தகச் சந்தையை ஒட்டி ஒரு தொகுப்பு வெளியான பிறகே புதிய தலைமுறை அவர்களைக் கண்டெடுத்தது. சந்திரபிந்து, காக்டஸ், ஃபாசில்ஸ் எனப் பிற குழுக்களும் பெயர் பெற்றன.

இனி நாம் கேட்ட கச்சேரி. மேடையில் நான்கே பேர். நுழைவுச் சீட்டு 300 ரூபாய். அரங்கில் இருந்தோரில் நரைத்த தலை நம்முடையவை மட்டுமே! முதற்பாட்டில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாடகரின் குரலைக் கிதார் விழுங்கிவிட்டது. பாட்டுக்குப் பாட்டு சுருதி சேர்க்க எடுத்துக்கொண்ட நேரமும் சற்று மிகுதியே. இரண்டாம் பாட்டில் ஒலி சீர்ப்பட்டது. நால்வரில் தலை நிமிராமல் நின்றவர் பேஸ் கிதார்க்காரர். அவ்வாத்தியத்தின் தடித்த தந்தி விநாடிக்கு 41 முறையளவே அதிர்வது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அத்தகைய தாழ்ந்த ஒலியைத் தர இயலாது. எனவே, பிள்ளைகளின் கைப்பேசியிலிருந்து கசிவதைக் கேட்டு இவ்விசையை எடை போட்டவர்கள் அதன் அடித்தளத்தையே கேளாதவர்கள். நேரில் அது செவிக்கு முன் நெஞ்சில் வந்து தட்டுகிறது.

நான்காம் பாட்டு நம்மை அசைத்துவிட்டது. வேலை தேடிப் பெங்களூருக்குப் போய்விட்ட நண்பனைப் பற்றியது அது. ஹவுரா நிலையம், நடைமேடையில் ஆறிப்போன தேநீர், பூஜை விடுமுறைக்கும் வராத மகன், அவன் அறையை இன்னும் பெருக்கி வைக்கும் தாய். இளைஞர் கூட்டம் முழுவதும் உடன் பாடியது. அவர்களிலும் பலர் நாளை தெற்கே போகப் போகிறவர்கள்தாம். நம் பாட்டன்மார் வணிக நிறுவனங்களில் வேலை தேடி ஹவுரா மெயிலில் இங்கே வந்து இறங்கினர். இன்று வங்கத்துப் பிள்ளைகள் அதே பாதையில் எதிர்த்திசை செல்கின்றனர். ஊர் விட்டுப் போகும் துயரைப் பாட இவர்களுக்கு ஒரு மேடை இருக்கிறது. வந்தேறிய நாம் நம் துயரை இதுவரை எந்தப் பாட்டில் இறக்கி வைத்தோம் என்று எண்ணிப் பார்த்தோம். தமிழில் புதுப் பாட்டு என்றாலே திரைப்படப் பாட்டு என்று பல தலைமுறையாகப் பழகிவிட்டோம். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போன்ற குழுக்கள் அவ்வழக்கத்தை மீறியவை.

இவர்களுக்குத் திரைப்பட முதலாளி இல்லை. பயிற்சி அறையின் வாடகையும் கைப்பணமே. நால்வரில் மூவர் பகலில் அலுவலகம் செல்கின்றனர்.

பெற்றோரின் அச்சத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. 2022 மே 31 அன்று நஸ்ருல் மஞ்சில் பாடிய கே.கே. அன்றிரவே மறைந்ததையும், அரங்கில் அளவு மிஞ்சிய கூட்டம் இருந்ததாக வந்த செய்திகளையும் இந்நகரம் மறக்கவில்லை. பிள்ளைகள் போகும் அரங்கில் வெளியேறும் வழிகள் எத்தனை என்று கேட்பது பெற்றோர் கடமை. போகவே கூடாது என்பது வேறு. உடன் போய்ப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். செல்லும் அன்பர்கள் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அமர வேண்டா. மருந்துக் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற செவியடைப்பான்களை வாங்கிக்கொள்க. வெறும் பஞ்சு போதாது. கச்சேரி இரவு பத்து மணிக்கு முடிந்தது. வீடு திரும்ப வண்டி கிடைப்பதில் இடரில்லை.